“குரல் உள்ளே கிடக்கிறது”: வீட்டில் பதிவான ஒரு பாப் பாடலுக்குக் கருத்துக் கேட்ட நிகழ்வு ஆய்வு

ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கணினி, ஒரு ஹெட்போன் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, நானே எழுதி, இசை கோத்து, பாடி, மிக்ஸ் செய்த (குரலையும் கருவிகளையும் அளவாகக் கலந்த) ஒரு தமிழ் பாப் பாடலைப் பற்றியது இந்த ஆய்வு. பாடலின் நீளம் 3 நிமிடம் 50 வினாடி, வேகம் நிமிடத்துக்கு 96 தாள அடி. முன்னிசை, பல்லவி, இரண்டு சரணங்கள், அவற்றுக்கு நடுவே ஓர் இடையிசை என்ற பழகிய அமைப்பைக் கொண்டது. அதைக் கேட்டவர்கள் வெவ்வேறு சொற்களில் ஒரே குறையைச் சொன்னார்கள்: குரல் உள்ளே கிடக்கிறது, வெளியே வரவில்லை. அந்த ஒரு குறைக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் இருந்தன, கேட்கும் முறையை மாற்றிய பிறகு அவை எப்படி ஒவ்வொன்றாக வெளிப்பட்டன என்பதை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன். கேட்பவர் வலிக்கும் இடத்தை ஏறக்குறையச் சரியாகவே தொட்டுக் காட்டுகிறார் என்பதும், மருந்தை மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது என்பதும்தான் இந்தப் பாடலில் நான் கண்டது.

முதல் சுற்று: “எப்படி இருக்கிறது?”

முதல் மிக்ஸை முடித்த அன்றே அதை ஏறக்குறையப் பத்துப் பேருக்கு அனுப்பி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். பாதிப் பேர் “நன்றாக இருக்கிறது” என்றார்கள். அந்தப் பதில் எனக்காகச் சொல்லப்பட்டதேயன்றிப் பாடலைப் பற்றிச் சொல்லப்பட்டதன்று. மற்றவர்கள் குரல் அமுங்கியிருப்பதாகவும், பல்லவியில் ஏதோ குழம்பியிருப்பதாகவும் சொன்னார்கள். நான் உடனே குரல் ட்ராக்கை 2 டெசிபல் உயர்த்தி மறுபடி அனுப்பினேன். இம்முறை இசை மெலிந்துவிட்டது என்றார்கள். குரலை ஒரு டெசிபல் இறக்கி, இசையை அரை டெசிபல் ஏற்றி, மீண்டும் குரலைக் கூட்டி, இப்படியே மூன்று வாரங்கள் கழிந்தன. அத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் குறை நகரவில்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைத்துத் தீராத குறைக்கு ஒலியளவு காரணமாக இருக்க முடியாது என்பதை நான் மிகவும் தாமதமாகவே உணர்ந்தேன்.

என் காதை நான் நம்ப முடியாத நிலையில் இருந்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. பாடுபவர் தம் குரலைக் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கிறார். எலும்பின் வழி வரும் ஒலியில் கீழ்த்தொனி மிகுதியாக இருப்பதால், பதிவில் ஒலிக்கும் குரல் அவருக்கு எப்போதும் மெலிந்ததாகத் தோன்றும். அதைச் சரிசெய்வதாக எண்ணி நான் குரலில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை ஈக்யூவில் (தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) கூட்டியிருந்தேன். கேட்டவர்களுக்கு அது கம்பளி போர்த்திய குரலாக ஒலித்தது. மேலும், மிக்ஸ் வேலை முழுவதையும் இரவில், மிகக் குறைந்த ஒலியில் செய்திருந்தேன். குறைந்த ஒலியில் மனிதக் காது கீழ்த்தொனியை மிகக் குறைவாகவே உணரும் என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பேஸ் குறைவாக இருப்பதாக எண்ணி நான் கூட்டிய ஒவ்வொரு டெசிபலும், பகலில் சத்தமாகக் கேட்டவரின் காதில் குரலின் மேல் வந்து அமர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடல் வரிகள் எனக்கு மனப்பாடம். தெரிந்த சொல் பாதி தேய்ந்து ஒலித்தாலும் மனம் மீதியை நிரப்பிக்கொள்ளும். அந்த உதவி புதிதாகக் கேட்பவருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாம் சுற்று: கேள்வியை மாற்றியது

பத்து நாள்கள் அந்தக் கோப்பைத் திறக்காமல் இருந்துவிட்டு, இரண்டாம் சுற்றுக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தேன். இருவர் பாடுபவர்கள், ஒருவர் மிக்ஸிங் செய்பவர், ஒருவர் கீபோர்டு வாசிப்பவர், மூவர் இசைப்பயிற்சி ஏதும் இல்லாமல் பாட்டுக் கேட்பதை மட்டும் விரும்புபவர்கள். ஏழு பேரும் பாடலை முன்பு கேட்டிராதவர்கள். பாடலைப் பற்றி நான் ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வீட்டில் பதிவு செய்தது என்பதைக்கூடச் சொல்லவில்லை, ஏனெனில் அதைச் சொன்னவுடன் கேட்பவர் சலுகை காட்டத் தொடங்கிவிடுவார். முதல் முறை இடையில் நிறுத்தாமல் ஹெட்போனிலும், இரண்டாம் முறை கைப்பேசியின் ஸ்பீக்கரிலும் கேட்கச் சொன்னேன்.

கேட்ட கேள்விகள் மூன்றே. எந்த நிமிடம், எந்த வினாடியில் உங்கள் கவனம் பாடலை விட்டு விலகியது? பல்லவியின் வரிகளை நீங்கள் கேட்டபடியே எழுதித் தர முடியுமா? பாடல் முடிந்து சிறிது நேரம் கழித்து எந்த இடம் நினைவில் நிற்கிறது? குரல் எப்படி, மிக்ஸ் எப்படி என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. “என்ன செய்யலாம்?” என்ற கேள்வியை வேண்டுமென்றே தவிர்த்தேன். கம்ப்ரஸரை (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியை) கூட்டு, ரிவெர்பை (அறையின் எதிரொலி போன்ற விளைவை) குறை என்று அவரவர் பழக்கத்திலிருந்து வரும் ஆலோசனைகள், குறையை மறைத்துவிட்டுத் தீர்வை முன்னே நிறுத்திவிடும் என்பதை முதல் சுற்று கற்றுத் தந்திருந்தது.

மூன்றில் மிகுந்த பயன் தந்தது இரண்டாவது கேள்வி. பல்லவியின் மூன்றாம் வரியில் “உன் வழியில்” என்று நான் எழுதியிருந்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் அதை “உன் வலியில்” என்று எழுதி அனுப்பினார்கள். பாதையைப் பற்றிய பாடல் துன்பத்தைப் பற்றிய பாடலாக மாறியிருந்தது. அதற்குப் பின் வரும் வரிகள் அவர்களுக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. “பல்லவியில் ஏதோ குழம்பியிருக்கிறது” என்று முதல் சுற்றில் சொன்னவர்கள் மிக்ஸைக் குறிப்பிடுவதாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் சிலருக்கேனும் குழம்பியது பொருளாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சொல்லின் பின்னால் நான்கு காரணங்கள்

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். குரல் ட்ராக்கை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டபோதே ழகரம் முழுதாக இல்லை. நாக்கு உள்மடிந்து பிறக்க வேண்டிய ஒலியை, தாளத்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான் பாதியில் விட்டிருந்தேன். ஆகவே முதற்காரணம் பாடியதில்தான் இருந்தது.

ஆனால் அரைகுறையாக ஒலித்த ழகரமும், அடுத்து வந்த மூன்று காரணங்கள் இல்லையென்றால் ஓரளவு புரிந்திருக்கும். லகரத்தையும் ழகரத்தையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் குரலில் உள்ள உயர் அதிர்வுகளைக் கொண்டுதான். தோராயமாக 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அதற்கு முக்கியமானது. இரண்டாவது காரணம் மைக் நின்ற இடம். என் மைக் ஒரு மேசையின் மேல், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது. வாயிலிருந்து நேராக மைக்குக்குச் செல்லும் ஒலியோடு, மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. நான் அளந்தபோது இரண்டு பாதைகளுக்கும் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. ஒலி வினாடிக்கு 343 மீட்டர் செல்வதால் அது ஏறக்குறைய ஒரு மில்லிவினாடித் தாமதம். ஒரு மில்லிவினாடி தாமதித்து வரும் பிரதி, மூல ஒலியை 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் பறித்துக்கொண்டே போகும். குழாய்க்குள்ளிருந்து பாடுவது போல இருக்கிறது என்று பாடகர்களில் ஒருவர் எழுதியிருந்ததற்கு இதுவே விளக்கம். ழகரம் குடியிருந்த இடத்திலேயே இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. நான் செய்த பெரிய பிழை, அந்தக் குழாய்த்தன்மையை மறைக்க அதன் மேல் ரிவெர்பை ஊற்றியது. அது குரலை இன்னும் பின்னால் தள்ளியது.

மூன்றாவது காரணம் இசைக்கோப்பில் இருந்தது. பல்லவியில் ஒரு சிந்த் பேட் (நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி), ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், குரல் ஆகிய மூன்றும் ஒரே உயரத்தில் நின்றன. சரணத்தில் பேட் இல்லாததால் அங்கே யாரும் குறை சொல்லவில்லை. ஏழு பேரும் குறித்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. குரல் மொத்தத்தில் சிறியதாக இருந்திருந்தால் சரணத்திலும் அது சிறியதாகவே கேட்டிருக்க வேண்டும். ஆகவே சிக்கல் குரலின் அளவில் இல்லை, பல்லவியில் அதன் அருகே நின்றவற்றில் இருந்தது.

நான்காவது காரணத்தை மிக்ஸிங் செய்பவரின் குறிப்பிலிருந்து கண்டறிந்தேன். பல்லவியைப் பெரிதாக்க நான் அதை நான்கு முறை பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். இது நெடுங்காலமாக உள்ள உத்தி. 1966இல் அபே ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்செண்ட் என்ற பொறியாளர், பாடகர் இரண்டாம் முறை பாடாமலே அந்த விளைவைத் தரும் ஏற்பாட்டை பீட்டில்ஸ் குழுவினருக்காக உருவாக்கிய அளவுக்கு அது விரும்பப்பட்டது. ஆனால் என் நான்கு அடுக்குகளிலும் வல்லெழுத்துகள் ஒரே கணத்தில் விழவில்லை. ஒரு ‘ட்’ நான்கு முறை, முப்பது நாற்பது மில்லிவினாடி இடைவெளியில் தெறித்தது. உயிரெழுத்துகள் அப்படிச் சிதறும்போது குரல் அகன்று ஒலிக்கிறது. மெய்யெழுத்துகள் சிதறினால் சொல் கலைந்துபோகிறது.

திருத்தியது

மறுபதிவு செய்யாமல் இதைச் சரிசெய்ய முடியாது என்பது தெளிவானது. மைக்கை மேசையிலிருந்து எடுத்துத் தனி ஸ்டாண்டில், அறையின் நடுவிலும் சுவரோரத்திலும் அல்லாத ஓர் இடத்தில் நிறுத்தினேன். பலரும் மைக்குக்குப் பின்னால் நுரைப்பஞ்சு வைக்கிறார்கள். ஆனால் கார்டியாய்ட் வகை மைக் தன் முதுகுப்புறத்திலிருந்து வரும் ஒலியைக் குறைவாகவே எடுக்கும். அதன் முகம் நோக்கியிருப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னுள்ள சுவரையும்தான். ஆகவே என் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டேன். மூச்சுத் தெறிப்பைத் தடுக்கும் பாப் ஃபில்டரை வைத்து, மைக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில் நின்று பாடினேன். அந்த நெருக்கத்தில் மைக் கீழ்த்தொனியைத் தானாகவே மிகுதியாக்கும் என்பதால் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். முன்பு ஈக்யூவில் கூட்டியிருந்ததை நீக்கினேன். 24 பிட்டில் பதிவு செய்ததால் உச்ச ஒலி கழித்தல் 10 டெசிபலை (பதிவின் மேல் எல்லைக்கு 10 டெசிபல் கீழே) தாண்டாதபடி தாராளமாக இடம் விட முடிந்தது.

மறுபதிவின்போது இன்னொரு குறிப்பையும் மனத்தில் வைத்திருந்தேன். அதுதான் எனக்கு மிகுந்த வேதனை தந்த குறிப்பு. பயிற்சி இல்லாத கேட்பவர்களில் ஒருவர், “பாடுகிறவர் தான் சொல்வதை நம்பவில்லை” என்று ஒரே வரி எழுதியிருந்தார். முதலில் அதைக் கருத்து என்றே கொள்ளாமல் ஒதுக்கினேன், ஏனெனில் அதை வைத்து எந்தப் பொத்தானையும் திருக முடியாது. சில நாள்கள் கழித்து, பழைய குரல் ட்ராக் எப்படி உருவானது என்பதை நினைத்துப் பார்த்தேன். 23 டேக்குகளிலிருந்து, அதாவது தனித்தனியே பாடிய 23 பதிவுகளிலிருந்து, சொல் சொல்லாக, சில இடங்களில் எழுத்து எழுத்தாக, சுருதி சுத்தமாக இருந்த துண்டுகளை மட்டும் எடுத்து ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு துண்டும் குறையற்றது. ஆனால் ஒரு மூச்சில் தொடங்கிய வரி அதே மூச்சில் முடியவில்லை. ஒரு சொல்லில் ஏறிய அழுத்தம் அடுத்த சொல்லுக்குத் தொடரவில்லை. நம்பிக்கையின்மை என்று அவர் சொன்னது இந்த அறுபட்ட மூச்சைத்தான் என்று இப்போது உறுதியாக எண்ணுகிறேன். அவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. விளைவு முழுமையாகத் தெரிந்திருந்தது.

ஆகவே புதிய பதிவில் வரிகளைத் தாளைப் பார்க்காமல் பாடினேன். முழுப்பாடலையும் தொடக்கம் முதல் இறுதிவரை ஆறு முறை பாடி, அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று முதன்மைக் குரல். பிழையான இடங்களுக்கு மட்டும், முழு வரியாக, மற்றொன்றிலிருந்து எடுத்தேன். ஹெட்போனின் ஒரு காதை விலக்கி வைத்துப் பாடியதில், என் குரலை அறையிலும் கேட்க முடிந்தது. சுருதி விலகல்கள் கண்கூடாகக் குறைந்தன. “வழியில்” என்ற சொல்லில் வகரத்தைக் குறுக்கி, ழிகரத்துக்குச் சற்று நேரம் கொடுத்தேன்.

சுருதித் திருத்தத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பழைய ட்ராக் முழுவதற்கும் தானியங்கித் திருத்தத்தை மிக வேகமான அமைப்பில் போட்டிருந்தேன். 1997இல் ஆட்டோடியூன் என்ற சுருதித் திருத்த மென்பொருள் வெளிவந்ததிலிருந்து அந்த வேகமான அமைப்பே ஓர் ஒலியழகாகவும் வளர்ந்திருக்கிறது, வேண்டுமென்றே அதைக் கையாளும் பாடல்களில் அது அழகாகவும் இருக்கிறது. என் பாடல் அந்த வகை அன்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடங்களையெல்லாம் அது படிக்கட்டுகளாக வெட்டியிருந்தது. புதிய ட்ராக்கில் நான்கு சுரங்களை மட்டும் கையால் திருத்தினேன். மீதியை விட்டுவிட்டேன்.

இசைக்கோப்பில் செய்தது எளியது. பேட்டை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கி அதன் நடுப்பகுதியைத் தணித்தேன், கிட்டாரை இடப்பக்கம் ஒதுக்கினேன். அடுக்குக் குரல்களில் வல்லெழுத்துகளையும் சகரங்களையும் ஏறக்குறைய முழுதாக மங்கச் செய்து, அவற்றை முதன்மைக் குரல் ஒன்றே உச்சரிக்கும்படி விட்டேன். ரிவெர்ப் தொடங்குவதற்கு முன் 30 மில்லிவினாடி இடைவெளி கொடுத்ததால் சொல்லின் முனை முதலில் வந்து சேர்ந்தது, அறை பின்னால் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு குரல் ட்ராக்கின் அளவைப் பார்த்தபோது, முதல் மிக்ஸில் இருந்ததைவிட அது ஒரு டெசிபல் குறைவாகவே இருந்தது.

முன்னிசையைப் பற்றிய குறிப்பில் விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை. 40 வினாடி நீண்ட அதில், இருபதாம் வினாடியை ஒட்டிக் கவனம் விலகியதாக நால்வர் எழுதியிருந்தார்கள். பாதியாகக் குறைத்தேன்.

“பல்லவி வரும்போது எதுவும் நடக்கவில்லை” என்ற குறிப்புக்குக் காரணம் லிமிட்டர், அதாவது ஒலியின் உச்சங்களை நசுக்கும் கருவி. பாடல் மற்றப் பாடல்களுக்கு இணையாகச் சத்தமாக இருக்க வேண்டும் என்று எண்ணி, அதைக் கழித்தல் 8 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அளவை; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் மிகும்) வரை தள்ளியிருந்தேன். அதில் சரணமும் பல்லவியும் ஒரே சுவராக நின்றன. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களைக் கழித்தல் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவை ஒட்டிச் சமன்செய்து ஒலிக்கவிடுகிறது. ஆகவே நான் நசுக்கிப் பெற்ற சத்தத்தை அங்கே கேட்பவருக்கு முன்பாகவே இறக்கிவிடுவார்கள், நசுக்கல் மட்டும் மிஞ்சும். கழித்தல் 11 அளவில் நிறுத்தி, உச்சத்துக்கு ஒரு டெசிபல் இடைவெளி விட்டேன்.

ஏற்காதவை

வந்த குறிப்புகள் அனைத்தையும் ஏற்றிருந்தால் பாடல் வேறொன்றாகியிருக்கும். கீபோர்டு வாசிப்பவர் கிக் டிரம்மின் ஒலியை மாற்றி, வேகத்தை 110க்கு உயர்த்தச் சொன்னார். அது நல்ல பாடலுக்கான யோசனைதான், ஆனால் அவர் மனத்தில் உள்ள பாடலுக்கானது. இந்தப் பாடல் தன் இலக்கை அடையத் தடையாக இருப்பதைச் சுட்டும் குறிப்பையும், இலக்கையே மாற்றச் சொல்லும் குறிப்பையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கடினமான முடிவு மூச்சைப் பற்றியது. இரண்டாம் சரணத்தின் தொடக்கத்தில் நான் மூச்செடுப்பது தெளிவாகக் கேட்கிறது. அதை நீக்க வேண்டும் என்று இரு பாடகர்களுமே எழுதியிருந்தார்கள். ஆனால் நினைவில் நின்ற இடம் எது என்ற மூன்றாம் கேள்விக்கு, பயிற்சியற்ற மூவரில் இருவர் அந்த இடத்தையே குறித்திருந்தார்கள். பாடுபவரின் காது மூச்சை ஒரு தொழில் பிழையாகக் கேட்கப் பழகியிருக்கிறது. நான் யாருக்காகப் பாடினேனோ அவர்களின் பக்கம் நின்றேன். புதிய பதிவிலும் அந்த மூச்சை விட்டுவைத்தேன், 3 டெசிபல் மட்டும் தணித்து.

மூன்றாம் சுற்று

பழைய மிக்ஸையும் புதியதையும் ஒப்பிடக் கேட்பதில் ஒரு பொறி உண்டு: இரண்டில் சற்றே சத்தமாக உள்ளதைக் காது சிறந்ததென்று எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து, எது புதியது என்று தெரியாதபடி கோப்புகளுக்கு வேறு பெயரிட்டு, சிலருக்கு ஒரு வரிசையிலும் சிலருக்கு மறுவரிசையிலும் அதே ஏழு பேருக்கு அனுப்பினேன். ஆறு பேர் புதியதைத் தேர்ந்தார்கள். மிக்ஸிங் செய்பவர் பழையதைத் தேர்ந்தார், அதன் அகலம் தனக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். அடுக்குக் குரல்களை மங்கச் செய்ததில் அகலம் சற்றுக் குறைந்தது உண்மை. அவற்றை இன்னும் கொஞ்சம் இரு பக்கமும் விரித்து, கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் அவை மறையாமல் இருப்பதை மோனோவில் (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கி) கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பின்னர், பாடலை இதுவரை கேட்டிராத மூன்று பேரிடம் பல்லவியை மட்டும் எழுதித் தரச் சொன்னேன். இருவர் “உன் வழியில்” என்று எழுதினார்கள். மூன்றாமவர் முதல் முறை வரும் பல்லவியில் “வழியில்” என்றும், கடைசியாக வரும் பல்லவியில் “வலியில்” என்றும் எழுதியிருந்தார். திறந்து பார்த்தேன். கடைசிப் பல்லவியின் அந்த வரி இரண்டாவது டேக்கிலிருந்து எடுத்து ஒட்டியது, அதில் ழகரம் மீண்டும் அவசரப்பட்டிருந்தது. மைக்கை அதே இடத்தில் நிறுத்தி, போர்வைகளை மறுபடி தொங்கவிட்டு, அந்த ஒரு வரியை முழு மூச்சாகப் பாடிச் சேர்த்தேன்.